லிஃப்டுக்காக கிஃப்ட் கார்டு விற்ற வருடம்

1. ஐஸ்கிரீம் வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு போன் அடித்தால் பெரும்பாலும் திருச்சியிலிருந்து என் அக்காவாக இருக்கும். அன்று அடித்தது அக்கா இல்லை. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் அம்மா.

"மேடம், நீங்க குடுத்த கார்டுல பேலன்ஸ் ஜீரோங்கறாங்க. டிராலி ஃபுல்லா சாமான். பின்னாடி லைன் நிக்குது. நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

"கேஷியரை இன்னொரு தடவை தேய்ச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

"நாலஞ்சு தடவை தேய்ச்சுட்டாரு மேடம். இன்னும் தேய்ச்சா கார்டே இருக்காது."

அவர் வைத்ததும் அடுத்த போன். அதை வைத்ததும் இன்னொன்று. சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, கணவரிடம் வண்டிச் சாவியை எடுக்கச் சொன்னேன்.

துபாயில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை அட்மின் ஆபீசராக இருந்தேன். அட்மிஷன், பஸ் ரூட், டீச்சர்களின் விசா பேப்பர், தொலைந்துபோன டிபன் பாக்ஸ் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஒரு கல்வியாண்டு முழுக்க, இவற்றோடு சேர்த்து கிஃப்ட் கார்டும் விற்றேன். இப்போது பள்ளி அலுவலகங்களில் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கும் இப்படி ஏதாவது ஒன்று ஒருநாள் வந்து சேரும். அதனால் எழுதி வைக்கிறேன்.

முறை சுலபம். ஒரு பெரிய ஹைப்பர்மார்க்கெட்டிடம் பள்ளி மொத்தமாகக் கார்டு வாங்கும். நூறு திர்ஹம் கார்டைக் கடை எங்களுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். பெற்றோர் எங்களிடம் நூறு கொடுத்து வாங்கி, கடையில் நூறுக்கும் சாமான் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு நஷ்டம் இல்லை. கடைக்கு வியாபாரம். நடுவில் மிஞ்சுவது பள்ளிக்கு. கேட்பதற்கு யாரும் எதையும் இழக்காத ஏற்பாடு போல இருக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முதல் கட்டுக் கார்டுகளை அந்த வாரம்தான் விற்றிருந்தோம். வாங்கிய எல்லோரும் வெள்ளிக்கிழமை காலையிலேயே கடைக்குப் போயிருந்தார்கள். அந்த ஊரில் வெள்ளிதான் வார லீவு, வேறு எங்கே போவார்கள்?

நான் போய்ச் சேர்ந்தபோது கஸ்டமர் சர்வீஸ் கவுண்டர் முன்னால் எங்கள் பள்ளிப் பெற்றோர்கள் டிராலியும் குழந்தைகளுமாக வளைந்து வளைந்து நின்றார்கள். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு இத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் டிராலியில் முழு வஞ்சிர மீன் ஒன்று படுத்திருந்தது. அவர் என்னைப் பார்த்து, "மேடம், நான் எவ்வளவு நேரம் வேணா நிப்பேன். இது நிக்காது" என்றார்.

ஸ்டோர் மேனேஜர் பிஜு என்ற மலையாளி. இளைஞர். டை கட்டியிருந்தார், அதைத் தளர்த்தித் தளர்த்தி அது நெஞ்சுக்கு வந்திருந்தது.

"மேடம், கார்டை ஆக்டிவேட் செய்யாம அனுப்பிட்டாங்க. ஹெட் ஆபீஸ்ல ஒரு பட்டன் அமர்த்தணும், அத்ரதான். பக்ஷே இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பட்டன் அமர்த்தற ஆள் போன் ஸ்விட்ச் ஆஃப்."

"வேற யாரும் அமுக்கக் கூடாதா?"

"அவர்கிட்டதான் பாஸ்வேர்டு."

பின்னாலிருந்து ஓர் அப்பா, "அப்ப நாங்க காசு குடுத்து பிளாஸ்டிக் வாங்கியிருக்கோம்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

கடையில் மீன், காய்கறி வைக்கிற குளிர் அறை இருக்கிறதா என்று பிஜுவைக் கேட்டேன். இருக்கிறது என்றார். "அப்ப டிராலியெல்லாம் அதுக்குள்ள போகட்டும். பேர் எழுதி ஒட்டி வச்சிடலாம். கார்டு சரியானதும் அவங்கவங்க வந்து எடுத்துக்கட்டும்." இதற்கு அனுமதி யாரிடம் கேட்பது என்று அவர் யோசித்தார். கேட்க வேண்டியவரின் போனும் ஆஃப். அதனால் சரி என்றார்.

பில் மெஷின் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துப் பேர் எழுதினேன். என் கணவரும் கடைப் பையன்களும் டிராலிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிலர் கையிலிருந்த காசைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியேறினார்கள். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, தூக்கமும் முடிந்த பிறகு அந்த ஹெட் ஆபீஸ்காரர் போனை எடுத்தார். பட்டனை அமுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லோரும் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள். உருகிப்போன ஐஸ்கிரீமைக் கடை மாற்றிக் கொடுத்தது. மறுநாள் அலுவலகம் திறந்ததும் எட்டுப் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். மீதிக் கார்டைத் திருப்பிக் கொடுக்க.

2. கேஸ் சிலிண்டர்

கார்டு விற்கும் நிலைமை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஹரிணி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் கிடையாது, சக்கர நாற்காலிதான். வாயில் பலத்துக்குக் குறைவில்லை. அவளுக்காக அவள் வகுப்பை ஒவ்வொரு வருடமும் தரைத்தளத்திலேயே வைத்துக்கொண்டு வந்தோம். ஆனால் சயின்ஸ் லேப் மூன்றும் மாடியில். கேஸ் லைன், தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கே போட்டுவிட்டார்கள். லேபைக் கீழே கொண்டுவர முடியாது. லிஃப்ட் கிடையாது.

அவள் அப்பா கணேசன், அருப்புக்கோட்டைக்காரர். ஜெபல் அலியில் ஒரு ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் அட்மின். தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பும் அவர் பொறுப்பு. லேப் இருக்கிற நாட்களில் டியூட்டி நடுவே வண்டியெடுத்துக்கொண்டு வருவார். மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். பியூன் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவார். பீரியட் முடியும்வரை கணேசன் என் அறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். பிறகு இறக்கிவிட்டுப் போவார்.

ஒருநாள் அவர் வந்து நிற்கிறார். ஹரிணி வர மாட்டேன் என்றுவிட்டாள். என்னைக் கூப்பிட்டார்கள்.

"என்னம்மா, அப்பா டியூட்டியை விட்டுட்டு வந்திருக்காரே?"

"இனிமே அப்பா தூக்க வேணாம் மிஸ்."

"ஏன்? அப்பா ஏதாவது சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. க்ளாஸ் மொத்தமும் படியில ஒதுங்கி நின்னு வழி விடுது. ஐ'ம் நாட் எ கேஸ் சிலிண்டர், மிஸ்."

துபாயில் சிலிண்டர்காரர் மாடிப்படி ஏறும்போது எல்லோரும் சுவரோடு ஒட்டி நிற்போம். அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. கணேசனுக்கும் புரிந்தது. அவர் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு லேப் பீரியடில் அவள் லைப்ரரியில் உட்கார்ந்தாள். பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. லேப் பக்கமே போகாமல் அது நடக்காது.

இரண்டு வாரம் கழித்துக் கணேசன் டி.சி. வாங்குவது பற்றி விசாரிக்க வந்தார்.

"மதுரையில ஒரு ஸ்கூல்ல எல்லாமே கீழ்த்தளமாம் மேடம். அவுங்க ரெண்டு பேரையும் அனுப்பிச்சிட்டு நான் கேம்ப்லயே ஒரு ரூமைப் போட்டுக்கிறலாம்னு பாக்கேன். பிள்ளை படிச்சாப் போதும்."

"ஹரிணி அம்மா என்ன சொல்றாங்க?"

"அவளா? சூட்கேஸைத் துடைச்சு வச்சிருக்கா."

டி.சி. ஃபாரம் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்றேன். ஃபாரம் தீரவில்லை. அதை அவரும் பார்த்தார். என் மேசை மேல்தான் இருந்தது.

எங்கள் பிரின்சிபல் பாலக்காட்டுக்காரர். குறைவாகப் பேசுவார். அன்றே பள்ளி முதலாளியிடம் லிஃப்ட் கேட்கப் போனார். நானும் கூடவே போனேன். முதலாளி, "ஒரு ஸ்டூடன்டுக்கு ஒரு லிஃப்டா?" என்றார். பிரின்சிபல், "கூட ரெண்டு மூணு பேர் இருந்தா வைப்பீங்களா? அட்மிஷன்ல வேணா தேடிப் பாக்கறோம்" என்றார். முதலாளி சிரிக்கவில்லை. பாதிச் செலவைப் பள்ளியே திரட்டினால் மீதியைத் தான் தருவதாகச் சொன்னார். திரட்ட முடியாது என்ற நம்பிக்கையில் சொன்னார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அந்த ஊரில் அனுமதி இல்லாமல் உண்டியலைத் தூக்கிக்கொண்டு நன்கொடை கேட்க முடியாது. அதனால் கார்டு. கார்டு விற்பது வியாபாரம். அதற்கு வேண்டிய ஒப்பந்தத்தைக் கடையே முறையாகப் போட்டுத் தந்தது. சர்க்குலரில் லிஃப்ட் என்று எழுத வேண்டாம் என்றார் முதலாளி. தன் மகள் பேர் வர வேண்டாம் என்றார் கணேசன். "பள்ளியின் அடிப்படை வசதி மேம்பாட்டுக்காக" என்று எழுதினேன். நானே மூன்று முறை படித்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

3. அடிப்படை வசதி

முதல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கார்டு விற்பனை அநேகமாக நின்றேபோனது. நான் காரிடாரில் நடந்து வந்தால் அம்மாக்கள் கைப்பையில் எதையோ தேடத் தொடங்குவார்கள். ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "அடிப்படை வசதிங்கறீங்க. பாத்ரூம்ல ரெண்டு மாசமா குழாய் சொட்டுது. முதல்ல அதைப் பாருங்க." அவர் சொன்னது நியாயம். குழாயைச் சரி செய்தேன். கார்டு விற்கவில்லை.

ஒரு நாள் ஹரிணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கையில் அந்த சர்க்குலர்.

"மிஸ், இது எனக்காகத்தானே?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அப்பா டெய்லி ரெண்டு கார்டு வாங்கிட்டு வரார். வீட்ல இப்ப பன்னெண்டு டிடர்ஜென்ட் இருக்கு. எனக்குத் தெரியாதா?" பிறகு சர்க்குலரை மேசையில் வைத்தாள். "திஸ் இஸ் வெரி பேட் ரைட்டிங், மிஸ்."

எழுதியது நான்தான் என்றேன். தெரியும் என்றாள்.

"நான் எழுதித் தரட்டுமா?"

"உங்க அப்பாவுக்குப் பிடிக்காதும்மா. உன் பேர் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"என் பேர் என்னோடது மிஸ்."

அவள் எழுதித் தந்ததை பிரின்சிபலிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, ஒரு கமாவை மட்டும் சேர்த்து, முதலாளியைக் கேட்காமலேயே அனுப்பச் சொன்னார். அவள் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"என் பெயர் ஹரிணி. 9-பி. சயின்ஸ் லேப் மாடியில் இருக்கிறது. நான் கீழே இருக்கிறேன். ஒரு லிஃப்ட் இருந்தால் நாங்கள் சந்தித்துக்கொள்வோம். நீங்கள் எப்படியும் அரிசி வாங்கத்தான் போகிறீர்கள். கார்டில் வாங்குங்கள். கார்டு இப்போது வேலை செய்கிறது. நானே போய் ஒரு சாக்லேட் வாங்கிப் பார்த்தேன்."

மறுநாள் காலை என் அறை வாசலில் வரிசை. முந்தின மாதம் கார்டைத் திருப்பிக் கொடுத்தவர்களும் நின்றார்கள். முதலில் வந்தவர் வஞ்சிர மீன்காரர். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். நான் இன்னொரு மீனையே வாங்கியிருப்பேன்" என்றார்.

மதியம் கணேசன் வந்தார். உட்காரவில்லை.

"எம்புட்டு சொன்னேன் மேடம், பேரைப் போடாதீங்கன்னு. ஊருக்கெல்லாம் கைநீட்டுன மாதிரி ஆயிருச்சே."

"உங்க பொண்ணு கையை நீட்டல சார். கார்டைத்தான் நீட்டினா. அதுக்கு நூறு திர்ஹம் சாமான் கிடைக்குது."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, பார்க்கிங்கும் மணலும்தான். அப்புறம், "சாக்லேட் வாங்குனது எனக்குக்கூடச் சொல்லல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் கூச்சம் என்றார். அந்த ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. நான் ஆமாம் என்றேன்.

4. என் கொழுந்தன்மார்

பெற்றோர்கள் வாங்கியும் பாதித் தொகை எட்டவில்லை. அரிசியும் எண்ணெயும் ஒரு குடும்பம் எவ்வளவுதான் வாங்கும்? அப்போதுதான் கணேசன் ஒரு யோசனையோடு வந்தார். அவர் கம்பெனியில் வருடக் கடைசியில் கேம்ப்பில் இருக்கிற தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள். துபாய்ச் சூட்டில் கம்பளி. ஒவ்வொருவர் கட்டிலுக்கடியிலும் நாலைந்து கம்பளி கிடந்தது. இந்த வருடம் கம்பளிக்குப் பதில் கிஃப்ட் கார்டு கொடுக்கலாம் என்று ஜெனரல் மேனேஜரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். பெரிய ஆர்டர். அன்று பிரின்சிபல் எனக்குத் தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

கார்டு கொடுத்த அடுத்த வெள்ளிக்கிழமை, மறுபடியும் என் போன் அடித்தது. இந்த முறை கார்டுகளை முன்கூட்டியே நானே கடைக்குப் போய்த் தேய்த்துப் பார்த்திருந்தேன். அதனால் தைரியமாக எடுத்தேன். கணேசன்.

"மேடம், பயலுகள பஸ்ல கூட்டிட்டு வந்திருக்கேன். உள்ள விட மாட்டேங்கான்."

"யார்?"

"கடை இருக்கிற மால் வாசல்ல செக்யூரிட்டி. வெள்ளிக்கிழமை ஃபேமிலிக்கு மட்டுமாம். தனியா வர ஆம்பிளைக போகக் கூடாதாம்."

"கார்டைக் காட்டினீங்களா?"

"காட்டுனேன். கார்டுக்கு ஃபேமிலி இருக்கான்னு கேக்கான்."

அப்போது சில மால்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் குடும்பமாகப் போகிறவர்கள்; வாசலில் எங்களை யாரும் நிறுத்தியதில்லை. அதனால் அந்த விதி எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. அவர்களுக்கோ லீவு வெள்ளிக்கிழமை மட்டும்தான். கடைக்கு வர முடிகிற ஒரே நாளில் கடைக்குள் விட மாட்டார்கள். அப்படியென்றால் நான் அவர்களுக்கு விற்றது என்ன?

என் வீட்டுக்கு அருகே குடியிருந்த நாலைந்து அம்மாக்களுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. குழாய் சொட்டுகிறது என்று சொன்ன அம்மாதான் முதலில் கீழே இறங்கி நின்றார்.

மால் வாசலில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் ஆளாளுக்குக் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிழலே இல்லாத இடத்தில். ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படித் தயாராகி நான் பார்த்ததில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று சிலர் பஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். "சார், பரவால்ல சார், கம்பளியே குடுத்திருக்கலாம்" என்று ஒருவர் கணேசனிடம் சொல்வது காதில் விழுந்தது.

செக்யூரிட்டி நேபாளி. அவரும் தனியாள்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், ஆஜ் ஃபேமிலி டே ஹை. பேச்சலர் அலவ்ட் நஹி" என்றார்.

"பேச்சலர் யாரும் இல்லை பாய். யே மேரா தேவர் ஹை" என்றேன். என் கணவரின் தம்பி என்று அர்த்தம். முன்னால் நின்ற ஒருவரைக் காட்டினேன்.

"அவுர் யே?"

"அவரும் தேவர்."

"யே சப்?" என்று எல்லோரையும் காட்டினார்.

"சப்."

என் கணவருக்குத் தம்பியே கிடையாது. வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்த அவர், பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் காட்டிய அந்த ஆள் சட்டென்று புரிந்துகொண்டு, "வாங்க அண்ணி, நேரமாச்சு" என்றார். அவர் பேர் செல்வம், முதுகுளத்தூர்ப் பக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மற்ற அம்மாக்களும் ஆளுக்குச் சிலரைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் தம்பிகள் என்றார். ஒருவர் சித்தப்பா மகன்கள் என்றார். குழாய் அம்மா, தன்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒருவரைக் காட்டி மகன் என்று சொல்லிவிட்டார். பதற்றம்.

செக்யூரிட்டி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கதவை விட்டு விலகி நின்று, "படா காந்தான் ஹை, மேடம்" என்றார். பெரிய குடும்பம்தான்.

உள்ளே போனதும் அவரவர் தனியாகப் போகலாம் என்றேன். யாரும் போகவில்லை. விலை பார்ப்பதற்குள் யாராவது வந்து வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று எங்கள் கூடவே நடந்தார்கள். ஒவ்வோர் அம்மா பின்னாலும் ஒரு சிறு ஊர்வலம். செல்வம் தேங்காய் எண்ணெய், பால் பவுடர், சோப்பு எடுத்தார். துணிப் பிரிவில் போய் ரொம்ப நேரம் நின்றார். கூப்பிடத் தயங்கிப் பிறகு கூப்பிட்டார்.

"அண்ணி, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எந்த சைஸ் எடுக்கறது?"

"பிள்ளை குண்டா, ஒல்லியா?"

"தெரியலைங்க. நான் இங்க வந்தப்புறம்தான் பொறந்துச்சு. போட்டோல முகம் மட்டுந்தான் தெரியுது."

நாங்கள் இருவருமாக யோசித்து, கொஞ்சம் பெரிதாகவே ஒன்றை எடுத்தோம். மஞ்சள் கவுன். வாசலில் சொன்ன பொய்க்காகத்தான் அவர் அண்ணி என்று கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தேன். பில் போட்டு வெளியே வந்து, பஸ் ஏறும்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கணேசன் எல்லோரையும் எண்ணிப் பஸ்ஸில் ஏற்றினார். நான் நேராக பிஜுவின் அறைக்குப் போனேன்.

"மேடம், அது மால்காரரோட ரூல். என்னுதல்ல" என்றார்.

"எனக்கும் புரியுது பிஜு. ஆனா உள்ள வர முடியாதவங்களுக்கு நீங்க கார்டு வித்திருக்கீங்க. கணேசன் சார் கம்பெனி மீதிக் கார்டை கேன்சல் பண்ணிடும். பக்கத்து கம்பெனி ரெண்டு ஆர்டர் குடுக்கறதா இருந்துச்சு. அதுவும் வராது."

நியாயம், மனிதாபிமானம் என்று நான் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார்; ஒன்றும் செய்திருக்க மாட்டார். கேன்சல் என்றதும் டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மால் அலுவலகத்துக்குப் போனார். அடுத்த வாரத்திலிருந்து, அந்தக் கடையின் கார்டு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் எந்த நாளும் உள்ளே விடலாம் என்று வாசலுக்கு உத்தரவு வந்தது. கார்டு வைத்திருப்பவர் கஸ்டமராம்.

கார்டு இல்லாதவருக்கு விதி அப்படியே இருந்தது. அதை என்னால் மாற்ற முடியவில்லை. இதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ சாதித்துவிட்டதாக இந்தக் கதை முடிந்துவிடும்.

ஜெபல் அலியில் செய்தி பரவியது. இன்னும் சில கம்பெனிகள் கம்பளியைக் கைவிட்டன. கல்வியாண்டு முடிவதற்குள் பாதித் தொகை சேர்ந்துவிட்டது. பிரின்சிபல் போய் முதலாளியிடம் சொன்னார்.  முதலாளி, "லிஃப்ட் என்ன கலர்?" என்று கேட்டாராம்.

5. திறப்பு விழா

கோடை லீவில் வேலை நடந்து, பள்ளி திறந்தபோது லிஃப்ட் தயார். முதலாளி ரிப்பன் வெட்டினார். அடிப்படை வசதிகளில் தனக்கு எப்போதுமே அக்கறை உண்டு என்று பேசினார். பேசி முடித்ததும் அவர், அவர் மனைவி, சப்ளையர் கம்பெனிக்காரர், போட்டோகிராபர், இரண்டு மூத்த ஆசிரியைகள் எல்லோரும் லிஃப்டுக்குள் போனார்கள். கதவு மூடியது. முதல் பயணத்தில் ஹரிணிக்கு இடம் இல்லை.

அவள் வெளியே, கதவுக்கு நேராக நாற்காலியில் இருந்தாள். பிரின்சிபலின் முகம் சிவந்துவிட்டது. நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன்.

"பரவால்ல மிஸ். வெயிட் டெஸ்ட் பண்றாங்க" என்றாள்.

லிஃப்ட் காலியாக இறங்கி வந்தது. கணேசன் பழக்கத்தில் மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க படியில வாங்க."

தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தானே பட்டனை அழுத்தினாள். கதவு மூடியது. கணேசன் ஒரு நொடி அங்கேயே நின்றார். பிறகு படியேறத் தொடங்கினார். இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாதவர்போல முதலில் கொஞ்சம் தூக்கினாற்போல் வைத்திருந்தார். பாதிப் படியில் அவற்றைக் கீழே விட்டார். பிறகு வேகமாக ஏறினார்.

ஹரிணி சயின்ஸ் குரூப்தான் எடுத்தாள். கெமிஸ்ட்ரி லேபில் ஒரு பீக்கரையும் ஒரு ஜன்னல் திரையையும் நாசம் செய்தாள். கடிதம் அனுப்பி அவள் அப்பாவை வரவழைத்தோம். யாரும் அவ்வளவு சந்தோஷமாக ஃபைன் கட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் நீச்சல் குளத்துக்குக் கார்டு விற்கலாமா என்று முதலாளி கேட்டார். யாருக்காக என்று கேட்டேன். பள்ளியின் பெயருக்காக என்றார். அந்தச் சர்க்குலரை எழுத எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, எதற்காகக் கேட்கிறீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். யாருக்காகவோ அவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டாவது, காசு கைக்கு வந்ததும் கார்டு விற்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வாங்கியவர் கடைக்குள் போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, பையோடு வெளியே வரும்வரை அது விற்கப்படவில்லை. அதுவரை வாசலில் நில்லுங்கள். தேவைப்பட்டால் சொந்தக்காரராக நில்லுங்கள்.